ஜூன்டீன்த் வாரம்: சுகர்லேண்ட்ல இருந்து கால்வெஸ்டன் வரைக்கும்

ஜூன் 16, வெள்ளி – சுகர்லேண்ட்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்குல இருக்கற இந்த ஊர்ல நம்மாளுங்க எக்கச்சக்கம், அக்கா வீட்டுத் தெருவுலயே மூணு வாசல்ல ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கு. லீவுக்கு வர்றவங்களுக்கு இங்க ஒரு ஃபிக்ஸட் ரவுண்டு உண்டு, நாசா, பேர்லேண்ட் மீனாட்சி கோவில், அவுட்லெட் மால், முடிஞ்சா கால்வெஸ்டன் பீச்சுன்னு. இந்தத் தடவை நான் வந்த நேரம் ஜூன்டீன்த் வாரமா அமைஞ்சுபோச்சு, வர்ற திங்கட்கிழமை ஜூன் 19, நாடு முழுக்க லீவு, அதனால ரவுண்டை மாத்திட்டோம். சனி ஹூஸ்டன், ஞாயிறு அக்கா கூட வேலை பாக்கற நர்ஸ் வீட்டுல விருந்து, திங்கள் கால்வெஸ்டன். டெய்லி ராத்திரி எழுதிப் போடறேன், தூங்கிட்டா மட்டும் மன்னிக்கவும்.

ஜூன்டீன்த்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு ஷார்ட் ஃப்ளாஷ்பேக். லிங்கன் அடிமைங்க விடுதலைப் பிரகடனம் போட்டது 1863 ஜனவரி 1. ஆனா வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடந்துட்டிருக்கு, லிங்கன் வடக்கு, டெக்சஸ் எதிர்ப்பக்கம், அங்க போய் அதை அமல்படுத்த ஆள் கிடையாது, முதலாளிங்க பாட்டுக்கு பருத்தியும் கரும்பும் பயிர் பண்ணிட்டு இருந்தாங்க. போதாக்குறைக்கு மத்த மாநிலங்கள்ல இருந்து அடிமைங்களை இங்க ஓட்டிட்டு வந்தவங்களும் உண்டு, வடக்குப் படை இவ்ளோ தூரம் வராதுன்னு ஒரு தைரியம். 1865 ஏப்ரல்ல தெற்குப் படையோட ஜெனரல் லீ சரணடைஞ்சாச்சு, அப்பவும் இங்க ஒண்ணும் மாறல. ஜூன் 19-ம் தேதி கார்டன் கிரேஞ்சர்ங்கற வடக்குப் படை ஜெனரல் கால்வெஸ்டன் தீவுல ஒரு உத்தரவு போட்டாரு பாருங்க, அதுக்கப்புறம்தான் டெக்சஸ்ல இருந்த சுமார் 2,50,000 பேருக்கு விடுதலை அமலுக்கு வந்துச்சு. அந்த நாளைத்தான் அடுத்த வருஷத்துல இருந்தே கொண்டாடிட்டு வர்றாங்க.

நாளைக்குத்தான் ஹூஸ்டன், இன்னிக்கு சும்மா ஒரு சாயங்கால ட்ரைவ்னு சொல்லித்தான் அத்தான் கூட்டிட்டுப் போனாரு. போன இடம் ஒரு பள்ளிக்கூட வளாகம். 2018-ல இந்தக் கட்டடத்துக்கு மண்ணு தோண்டறப்ப எலும்பு கிடைச்சிருக்கு, தோண்டத் தோண்ட மொத்தம் 95 பேர். எல்லாரும் கறுப்பினக் கைதிங்க. சின்னப் பையனுக்கு 14 வயசு இருக்கும், பெரியவருக்கு 70 இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்லியிருக்காங்க. அடிமைமுறை ஒழிஞ்சதுக்கு அப்புறம் செத்தவங்க இவங்க, அதைக் கவனிங்க. எப்படின்னா, அடிமைமுறையை ஒழிச்ச அதே சட்டத்திருத்தத்துல "குற்றத்துக்குத் தண்டனையா இருந்தா தவிர"ன்னு ஒரு சந்து விட்டிருக்காங்க, அந்தச் சந்துல மொத்தத் தோட்டமும் திரும்ப உள்ள வந்துடுச்சு. 1866-லயே டெக்சஸ்ல வேலைவெட்டி இல்லாம சுத்தறது குத்தம்னு சட்டம், புடிச்சு ஜெயில்ல போட வேண்டியது, ஜெயில்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு குத்தகைக்கு விட வேண்டியது. 1878-ல மாநிலத்துக் கைதிங்க மொத்தப் பேரையும் ரெண்டு கரும்பு முதலாளிங்க சேர்ந்து குத்தகைக்கு எடுத்தாங்க, அந்தத் தோட்டம்தான் இந்த சுகர்லேண்ட். விலை குடுத்து வாங்கின அடிமை செத்தா முதலாளிக்கு நஷ்டம், குத்தகைக் கைதி செத்தா அடுத்தவனை அனுப்புவாங்க, கணக்கு அவ்ளோதான்.

ரெஜினால்ட் மூர்னு ஒருத்தர், முன்னாடி ஜெயில் காவலரா வேலை பார்த்தவரு, இங்க எங்கயோ புதைச்சிருக்காங்க, தோண்டறப்ப பாத்துத் தோண்டுங்கன்னு வருஷக்கணக்கா சொல்லிட்டே இருந்தாராம். யாரும் பெருசா காதுல போட்டுக்கல. எலும்பு கிடைச்சதுக்கு அப்புறம்தான் அவர் பேரு பேப்பர்ல வந்துச்சு. 2019-ல அதே இடத்துல 95 பேரையும் திரும்ப அடக்கம் பண்ணாங்க, அடுத்த வருஷமே மூரும் போயிட்டாரு.

அத்தான் இந்த ஊருக்கு வீடு வாங்கி வந்தப்ப பேரு என்ன இனிப்பா இருக்குன்னு ஜோக் அடிச்சாராம், இப்ப அடிக்கறதில்லைன்னாரு. திரும்பி வர்ற வழியில பழைய சர்க்கரை ஆலைக் கட்டடம் சாயங்கால வெயில்ல செங்கல் செங்கலா நிக்குது, பக்கத்துல அபார்ட்மெண்ட் கட்டிட்டாங்க. அக்கா பொண்ணுக்கு ஸ்கூல்ல இதைச் சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டேன், "லைட்டா சித்தி"ன்னா.

ஜூன் 17, சனி – ஹூஸ்டன், தேர்ட் வார்டு

காலையில பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பொளக்குது. டெக்சஸ் வெயில்னா நம்மூர் கத்திரி வெயிலோட கடல்காத்து இல்லாத புழுக்கத்தையும் சேர்த்துக்கங்க. வாட்டர் பாட்டில் எடுத்துட்டு எமான்சிபேஷன் பார்க்குக்கு, அதாவது விடுதலைப் பார்க்குக்குக் கிளம்பினோம்.

இந்தப் பார்க் கதைதான் எனக்கு இந்த ட்ரிப்போட மெயின் மேட்டர், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்லிடறேன். விடுதலை கிடைச்சாச்சு, சரி, கொண்டாடணும், எங்க போய்க் கொண்டாடறது? ஊர்ல இருக்கற பொது இடத்துல கறுப்பினத்தவங்க கூட்டமா உக்காந்து சாப்பிட்டு பாட்டுப் பாடினா விட மாட்டாங்க. ஆத்தங்கரை, காட்டோரம், சர்ச் வளாகம்னு ஒதுங்கித்தான் நடத்தியிருக்காங்க. 1872-ல, அதாவது விடுதலையாகி ஏழே வருஷத்துல, ஜாக் யேட்ஸ், ரிச்சர்ட் ஆலன், ரிச்சர்ட் பிராக், இலையஸ் டிபிள்னு நாலு பேர் முன்னால நின்னு, சர்ச்காரங்ககிட்ட வசூல் பண்ணி, ஆயிரம் டாலருக்குக் கிட்ட சேர்த்து, பத்து ஏக்கர் நிலத்தை விலைக்கே வாங்கிட்டாங்க. எதுக்கு? ஜூன்டீன்த் கொண்டாட. வீடு கட்ட இல்ல, பயிர் பண்ண இல்ல, வருஷத்துல ஒருநாள் எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடறதுக்கு. நேத்து வரைக்கும் தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாம இருந்த ஜனங்க அவங்க, கையில இருந்த சில்லறையை எல்லாம் போட்டு பிக்னிக் போறதுக்கு நிலம் வாங்கியிருக்காங்க! நான் இதை முதல்ல படிச்சப்ப ஆடம்பரமோன்னு ஒரு செகண்ட் தோணுச்சு, யோசிச்சா இதைவிட அத்தியாவசியம் வேற எதுவும் இருந்திருக்காது.

ஜாக் யேட்ஸ் வர்ஜீனியாவுல அடிமையா பிறந்தவரு. மனைவி வேற ஒரு முதலாளிகிட்ட அடிமை, அந்த முதலாளி குடும்பம் டெக்சஸுக்குக் கிளம்பறப்ப இவருக்கு விடுதலை கிடைச்சிருந்தும், பொண்டாட்டி பிள்ளைங்களை விடக்கூடாதுன்னு திரும்ப அடிமையாவே கூட வந்தாருன்னு சொல்றாங்க. அந்த மனுஷன் அப்புறம் போதகர் ஆகி ஆன்டியாக் பேப்டிஸ்ட் சர்ச்சுக்கு முதல் பாஸ்டரும் ஆயிட்டாரு.

ஆரம்பத்துல பராமரிக்கக் காசில்லாம ஜூன்டீன்த்துக்கு மட்டும்தான் பார்க்கைத் திறப்பாங்களாம். அப்புறம் நிலம் சிட்டி கைக்குப் போச்சு. 1922-ல இருந்து 1940 வரைக்கும் ஹூஸ்டன்ல கறுப்பினத்தவங்க கால் வைக்கக்கூடிய ஒரே பொதுப் பார்க் இதுதான். பார்க் ஓரமா போற ரோட்டுக்கு ரொம்ப வருஷமா டௌலிங் ஸ்ட்ரீட்னு பேரு, டிக் டௌலிங் யாருன்னா அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தெற்குப் படையில அதிகாரி. விடுதலைப் பார்க்குக்கு அந்த ஆளோட பேர்ல ரோடு! 2017-லதான் எமான்சிபேஷன் அவென்யூன்னு மாத்தினாங்க, அதே வருஷம் 3.36 கோடி டாலர் செலவுல பார்க்கைப் புதுசாக் கட்டித் திறந்தாங்க. டிசைன் பண்ணது பில் ஃப்ரீலன், வாஷிங்டன்ல இருக்கற ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்தை வடிவமைச்ச டீம்ல முக்கியமானவரு.

இன்னிக்குக் கூட்டத்துக்கு வர்றேன். பாட்டிங்க எல்லாம் மடக்குச் சேர், ஐஸ்பெட்டி, குடை சகிதமா காலையிலயே வந்து நிழல் இருக்கற மரமாப் பாத்துப் புடிச்சிட்டாங்க. ஸ்பீக்கர்ல பாட்டு, முன்னாடி ஒரே வரிசையில முப்பது நாப்பது பேர் ஒரே ஸ்டெப் போட்டு ஆடறாங்க, யாரு வேணாலும் நடுவுல நுழைஞ்சுக்கலாம், அக்கா பொண்ணு நுழைஞ்சா, நானும் நுழைஞ்சேன், எல்லாரும் இடப்பக்கம் திரும்பறப்ப நான் வலப்பக்கம், பக்கத்துல ஒரு அம்மா தோளைப் புடிச்சுத் திருப்பிவிட்டு சிரிச்சாங்க.

எங்க பாத்தாலும் கொடி, நீலமும் சிவப்பும் நடுவுல வெள்ளை நட்சத்திரமும். பென் ஹெய்த் 1997-ல உருவாக்கினது. நட்சத்திரம் டெக்சஸுக்கு, சுத்தி வெடிக்கற கோடு புது ஆரம்பத்துக்கு. ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களோட சிவப்பு-பச்சை-கருப்புக் கொடியும் நிறைய இருக்கு.

சாப்பாடு. ஹாட் லிங்க்ஸ்னு காரமான சாசேஜ், ரெண்டு ப்ரெட் துண்டுக்கு நடுவுல வெச்சு, மேல சாஸ் ஊத்தி, பேப்பர்ல சுத்திக் குடுக்கறாங்க. இன்னொரு கடையில வான்கோழிக் கால், ஒரு கால் ஒரு குழந்தை சைஸ் இருக்கு, உள்ள மேக் அண்ட் சீஸ் எல்லாம் திணிச்சுத் தர்றாங்க, விலையைக் கேட்டதும் அக்கா "ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும்டி"ன்னா. தர்பூசணித் துண்டு. சிவப்பு சோடா, இது கட்டாயம். 1937-ல வேக்கோ ஊர்ல உருவான பிக் ரெட்தான் டெக்சஸ்காரங்க ஃபேவரிட், பபிள்கம்மை உருக்கி ஊத்தின வாசனை, எனக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்கல, அக்கா பொண்ணு மிச்சத்தை முடிச்சா.

ஏன் எல்லாமே சிவப்புன்னு ஜூஸ் கடைக்கார அம்மாகிட்ட கேட்டேன். முன்னோருங்க சிந்தின ரத்தம்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, அதுக்கும் முன்னாடி மேற்கு ஆப்பிரிக்காவுல விருந்தாளி வந்தா கோலா கொட்டையும் செம்பருத்தி பானமும் குடுக்கற வழக்கம், அது கடல் தாண்டி வந்துச்சுன்னாங்க. உணவு வரலாறு எழுதறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. அந்த அம்மா சோடா விக்கல, காய்ஞ்ச செம்பருத்தியை வெந்நீர்ல ஊற வெச்ச பானம், புளிப்பும் இஞ்சியுமா அட்டகாசம். செய்முறை கேட்டு வாங்கிட்டேன், கடைசி நாள் போஸ்ட்ல போடறேன்.

ஜூன் 18, ஞாயிறு – ஒரு பின்வாசல் விருந்து

காலையில ஃப்ரீட்மென்ஸ் டவுனை ஒரு எட்டு பாத்தோம், விடுதலையானவங்க வந்து குடியேறின பகுதி. சிட்டி ரோடு போட்டுத் தராததால தெருவாசிங்களே காசு போட்டு, அவங்களே செங்கல் அடுக்கிப் போட்ட தெரு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. சுத்தி எல்லாம் டவுன்டவுன் கண்ணாடிக் கட்டடம் நெருக்கிட்டு வருது. அரைமணி நேரத்துல பாத்து முடிச்சுடலாம், ஆனா பாருங்க.

மதியம் அக்காவோட ஃப்ரெண்ட் வீடு. இன்னிக்கு ஃபாதர்ஸ் டேவும் சேர்ந்துக்கிட்டதால அவங்க அப்பாதான் ஹீரோ. எழுபது தாண்டினவரு, ரிஃபைனரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கே அடுப்பைப் பத்த வெச்சு, பக்கத்துலயே சேர் போட்டு அரைத்தூக்கமா விடிய விடிய காவல் இருந்திருக்காரு. அடுப்புன்னா பழைய கேஸ் டேங்கை படுக்கப்போட்டு வெட்டி, ஒரு பக்கம் சின்னதா நெருப்புப் பெட்டி வெல்டு வெச்சது. நெருப்பு ஒரு மூலையில, கறி இன்னொரு மூலையில, நடுவுல போறது புகை மட்டும்தான். கட்டை போஸ்ட் ஓக். மசாலான்னு பெருசா ஒண்ணும் இல்ல, உப்பு, மிளகுத்தூள், அவ்ளோதான். கறி பிரிஸ்கெட், மாட்டோட நெஞ்சுப்பகுதி, வண்டி மாடா உழைக்கற பாகம், அவசரமா வேக வெச்சா ரப்பர்தான்.

நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். சிமினியைக் காட்டி, "வெள்ளையா குபுகுபுன்னு புகை வந்தா கறி கசந்துடும், அடியில காத்துக்கு வழி விடு, மெல்லிசா நீலமா வரணும்"னாரு. வெக்கையை எப்படிப் பாக்கறீங்கன்னு கேட்டேன், தெர்மாமீட்டர் இருக்கு, ஆனா அவர் மூடி மேல உள்ளங்கையை வெச்சு எடுத்துடறாரு, எவ்ளோ நேரம் தாங்குதுங்கறதுதான் கணக்கு. பாதி வழியில கறியை ப்ரௌன் பேப்பர்ல சுத்தித் திரும்ப உள்ள வெச்சு, பன்னெண்டு பதிமூணு மணி நேரம் ஆனப்புறம் எடுத்து, உடனே வெட்டாம ஐஸ்பெட்டிக்குள்ள (ஐஸ் இல்லாம) துணி சுத்தி ஒரு மணி நேரம் தூங்க வெச்சாரு. வெட்டினப்ப வெளிய கரி, அதுக்குக் கீழ சுண்டுவிரல் அகலத்துக்கு ரோஸ் கலர்ல ஒரு கோடு, அதுக்கும் கீழ பழுப்பு. துண்டைத் தூக்கினா மடங்கித் தொங்குது, இழுத்தாதான் பிய்யுது. முதல் துண்டை அவர் யாருக்கும் குடுக்கல, தானே சாப்பிட்டுட்டு, தலையாட்டிட்டு, அப்புறம்தான் தட்டு நீட்டச் சொன்னாரு. நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன், அக்கா சாப்பிட மாட்டா, அவளுக்குன்னு தனியா சிக்கன் போட்டிருந்தாங்க, கேக்காமலே.

அவங்க தாத்தா காலத்துல இந்த டேங்க் எல்லாம் கிடையாதாம், தரையில நீளமா குழி வெட்டி, முந்தின நாளே கட்டையைக் கரியாக்கி, மேல கம்பி போட்டு ஆடு, பன்னி, மாடு எல்லாம் போடுவாங்களாம். ராத்திரி முழுக்க ஆம்பளைங்க குழியோரம் கதை பேசிட்டு முழிச்சிருப்பாங்க. டெக்சஸ் பார்பிக்யூன்னு உலகம் முழுக்க பேரு வாங்கின விஷயத்துல குழிக்குப் பக்கத்துல வெந்தது இவங்க கை. தோட்டத்து விருந்துங்கள்ல கறி சுட்டது அடிமைங்கதான், டேபிள்ல உக்காந்து தின்னது வேற ஆளுங்க. ஜூன்டீன்த் அன்னிக்கு சுட்டவங்களே உக்காந்து தின்னாங்க.

மத்த ஐட்டம்: காலர்ட் கீரை, புகை போட்ட வான்கோழிக் கழுத்தோட மணிக்கணக்கா வேக வெச்சது, அந்தத் தண்ணியைத் தனியா கப்ல ஊத்திக் குடிக்கறாங்க, நான் ரெண்டு கப். சோளமாவு ப்ரெட். பீச் காப்ளர். உருளைக்கிழங்கு சாலட் விஷயத்துல ஒரு பெரிய பஞ்சாயத்தே உண்டு, வந்தவங்க எல்லாம் எடுக்கறதுக்கு முன்னாடி "இதை யாரு பண்ணது?"ன்னு கேட்டுட்டுத்தான் கரண்டியைப் போடறாங்க. சரியான ஆள் பண்ணலைன்னா யாரும் தொட மாட்டாங்களாம். இந்த வீட்டுல அந்த உரிமை ஒரே ஒரு அத்தைக்குத்தான், முப்பது வருஷமா.

அக்கா கொண்டுபோனது காராமணி சுண்டல், தேங்கா மாங்கா போட்டு. ஃப்ரெண்டோட பாட்டி, தொண்ணூறை நெருங்கினவங்க, தட்டைக் கண்ணு பக்கத்துல கொண்டுபோய் பாத்துட்டு, "இது எங்க பயறாச்சே"ன்னாங்க. நிஜமாவே அவங்க பயறுதான். மேற்கு ஆப்பிரிக்காவுல பயிராகி, ஒரு பக்கம் அடிமைக் கப்பல்ல அமெரிக்காவுக்குப் போச்சு, இன்னொரு பக்கம் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கம் வந்துடுச்சு. கேழ்வரகு, கம்பு, வெள்ளைச்சோளம், தர்பூசணி எல்லாமே பிறந்த வீடு ஆப்பிரிக்காதான். இவங்க புதுவருஷத்தன்னிக்கு அதிர்ஷ்டம்னு இந்தப் பயறை அரிசியோட சமைப்பாங்க. பாட்டி சுண்டலை ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டாங்க, மாங்காயைப் பொறுக்கி ஓரமா வெச்சுட்டு.

பாட்டி சின்னவயசுல மெஹேயாங்கற ஊருக்குப் பக்கத்துல இருக்கற பார்க்குக்குப் போவாங்களாம், ஏரிக்கரையில, அதுவும் கறுப்பினத்தவங்க 1890-கள்ல விலைக்கு வாங்கின நிலம்தான். ஆயிரக்கணக்குல கூட்டம் சேரும். அன்னிக்குப் புது டிரஸ் கட்டாயம். அடிமையா இருந்தவங்களுக்கு முதலாளி போட்டது சாக்குத்துணி, அதைக் கழட்டி வீசினதோட ஞாபகமா வந்த வழக்கம்னு அவங்க பாட்டி சொல்லியிருக்காங்க. வெள்ளைக்காரங்க வீட்டுக்கு சமையல் வேலைக்குப் போற பொம்பளைங்க யாரும் அன்னிக்கு வேலைக்குப் போக மாட்டாங்க, "அவங்க பாடு அவங்க பாடு"ன்னு சொல்லிட்டு பாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே, பல்செட் கழண்டுடும்னு பயந்துட்டேன்.

நடுவுல கொஞ்ச காலம் இந்த விழா மங்கிப்போச்சாம். வேலை தேடி வடக்கயும் கலிஃபோர்னியாவுக்கும் போனவங்க போனாங்க, படிச்ச பசங்களுக்கு அடிமைக் காலத்தை ஞாபகப்படுத்தற விழா எதுக்குன்னு கூச்சம். 1968 ஜூன் 19 அன்னிக்கு ஏழை மக்கள் இயக்கம் வாஷிங்டன்ல பெரிய பேரணி நடத்திச்சு, அங்க வந்துட்டு ஊர் திரும்பினவங்க மூலமா திரும்பப் பத்திக்கிச்சு. ஹூஸ்டன் எம்.எல்.ஏ ஆல் எட்வர்ட்ஸ் 1979-ல மசோதா கொண்டுவந்தாரு, 1980-ல இருந்து டெக்சஸ்ல அரசு விடுமுறை, மாநிலங்கள்லயே முதல் ஆளு. நாடு முழுக்க லீவு ஆனது 2021 ஜூன் 17, பைடன் கையெழுத்துப் போட்டாரு. அதுக்குப் பின்னாடி இருந்தது ஃபோர்ட் வொர்த்ல இருக்கற ஓப்பல் லீ அம்மா. 1939-ல இதே ஜூன் 19 அன்னிக்கு அவங்க வீட்டை வெள்ளைக்காரக் கும்பல் கொளுத்திச்சு, அப்ப வயசு 12. 2016-ல 89 வயசுல வாஷிங்டனைப் பாத்து நடக்க ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டரை மைல், ஏன்னா டெக்சஸுக்கு விடுதலை ரெண்டரை வருஷம் லேட்டு.

கிளம்பறப்ப ஃபாயில் பேப்பர்ல சுத்தி நாலு பொட்டலம் கையில திணிச்சாங்க. வேண்டாம்னு சொல்லக்கூடாதாம், அக்கா முன்னாடியே கண்ணைக் காட்டிட்டா.

ஜூன் 19, திங்கள் – கால்வெஸ்டன்

விடியக்காலையிலயே கிளம்பிட்டோம், சுகர்லேண்ட்ல இருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பாலத்துல ஏறினதும் ரெண்டு பக்கமும் கலங்கின தண்ணி, நாரை, மீன்புடிக்கற ஆளுங்க, அப்புறம் தீவு. 1900-ல வந்த புயல்ல குறைஞ்சது 6,000 பேரைக் காவு குடுத்த ஊர் இது, அதுவரைக்கும் டெக்சஸோட பெரிய துறைமுகம்.

ப்ராட்வே ரோட்டுல ஆஷ்டன் வில்லான்னு 1859-ல கட்டின செங்கல் மாளிகை, அங்கதான் வருஷா வருஷம் உத்தரவைப் படிக்கற நிகழ்ச்சி. அந்த மாடியில நின்னுதான் கிரேஞ்சர் படிச்சாருன்னு ஒரு கதை சுத்துது, அதுக்கு ஆதாரம் இல்ல. அந்த வீட்டைக் கட்டின வேலைக்காரங்கள்ல அடிமைங்களும் உண்டு, அதனால இங்க வெச்சுப் படிக்கறதுல ஒரு நியாயம் இருக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன். புல்வெளியில சேர் போட்டு, விசிறி குடுத்து, பாட்டு, ஜெபம், அரசியல்வாதிங்க பேச்சு (நீளம்தான், எல்லா ஊர்லயும் அப்படித்தான்), அப்புறம் உத்தரவு.

பொது உத்தரவு எண் 3. நாலே வாக்கியம்தான். அடிமைங்க எல்லாரும் விடுதலைன்னு ஆரம்பிக்குது. முன்னாள் எஜமானுக்கும் முன்னாள் அடிமைக்கும் நடுவுல உரிமையிலயும் சொத்துரிமையிலயும் முழுச் சமத்துவம்னு அடுத்த வரி. கூட்டம் ஆமென் போடுது, கை தட்டுது. இனிமே உங்க ரெண்டு பேருக்கும் இருக்கற உறவு முதலாளி–கூலியாள் உறவுன்னு சொல்லிட்டு, கடைசியில வருது பாருங்க: விடுதலையானவங்க இப்ப இருக்கற வீட்டுலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாக்கணும், ராணுவ முகாம் பக்கம் கூட்டம் கூடக்கூடாது, சும்மா உக்காந்திருந்தா சோறு போட மாட்டோம். இருநூறு வருஷத்துக்கு மேல சும்மா உக்காராம வேலை பாத்த ஜனங்களைப் பாத்து சொல்ற பேச்சா இது? இந்த வரி வந்தப்ப எனக்கு முன்னாடி உக்காந்திருந்த பெரியம்மா "ம்ம்ம்"னு ஒரு இழுப்பு இழுத்தாங்க, பக்கத்துல ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க.

கூட்டம் கூடாதேன்னு சொன்ன அதே தேதியில, அடுத்த வருஷத்துல இருந்து கூட்டம் கூடிட்டு இருக்காங்க. வீட்டுலயே இருன்னு சொன்னா, நிலம் வாங்கி அதுல போய் உக்காந்தாங்க.

மதியம் ஸ்ட்ராண்ட் தெரு. கிரேஞ்சரோட தலைமையகம் இருந்த ஆஸ்டர்மன் கட்டடம் இன்னிக்கு இல்ல, அந்த இடம் பார்க்கிங் லாட். 2014-ல ஒரு வரலாற்றுப் பலகை வெச்சிருக்காங்க. அதை மட்டும் பாத்திருந்தா கடுப்பாகித் திரும்பியிருப்பேன், நல்லவேளை பார்க்கிங்கை ஒட்டின சுவர் முழுக்க ஒரு ஓவியம், 5,000 சதுர அடி, ரெஜினால்ட் ஆடம்ஸ்ங்கற ஹூஸ்டன் ஓவியர் தன் டீமோட 2021-ல வரைஞ்சது, பேரே 'முழுச் சமத்துவம்', உத்தரவுல இருந்து எடுத்தது. வரிசையா வட்ட வட்டமா சீன். ஹாரியட் டப்மன் இருட்டுல ஜனங்களைக் கூட்டிட்டுப் போறாங்க, லிங்கன், கையெழுத்துப் போடற கிரேஞ்சர், அவரோட கறுப்பினச் சிப்பாய்ங்க. இந்தச் சிப்பாய்ங்க விஷயம் முக்கியம், 1865-ல டெக்சஸுக்கு வந்த வடக்குப் படையில கறுப்பின ரெஜிமெண்ட்டுங்களும் ஏகப்பட்டது. துப்பாக்கியும் யூனிஃபார்முமா தன்னைப் போல ஒருத்தன் தெருவுல நடந்து வர்றதைப் பாத்தவங்களுக்கு உத்தரவைப் படிச்சுக் காட்டவே தேவைப்பட்டிருக்காது. கீழ நின்னு அத்தான் பனோரமா எடுக்க ட்ரை பண்ணி மூணு தடவையும் யாரோ ஒருத்தர் காரை ரிவர்ஸ் எடுத்துட்டாங்க.

சாயங்காலம் பழைய கோர்ட்டு பக்கத்துல இருந்து ரீடி சேப்பல் வரைக்கும் ஊர்வலம். 1848-லயே அடிமைங்களுக்குன்னு ஏற்பட்ட சர்ச், இப்ப இருக்கற கட்டடம் 1880-கள்ல தீ விபத்துக்கு அப்புறம் கட்டினது, 1900 புயலையும் தாங்கிச்சு. 1866 ஜனவரி 1 அன்னிக்கு இப்படித்தான் ஊர்வலமா வந்து இங்க கொண்டாடியிருக்காங்க. தூரம் கம்மிதான், வெயில்தான் ஜாஸ்தி. தள்ளுவண்டிக் குழந்தையில இருந்து வீல்சேர் தாத்தா வரைக்கும் நடக்கறாங்க, பாட்டு ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க புடிச்சுக்கறாங்க, வீட்டு வாசல்ல நிக்கறவங்க தண்ணி பாட்டில் நீட்டறாங்க. சர்ச்சுக்குள்ள ஏசி காத்து பட்டதும் அக்கா பொண்ணு பெஞ்சுல சாஞ்சு ரெண்டே நிமிஷத்துல தூங்கிட்டா, மேல நின்னு பாடின கோரஸ் சத்தத்துக்கும் அசையல.

ஜூன் 20, செவ்வாய் – சுகர்லேண்ட்

இன்னிக்கு எங்கயும் போகல, துணி துவைச்சோம், பொட்டலத்துல இருந்த பிரிஸ்கெட்டை நானும் அத்தானும் வெங்காயம் பச்சமிளகா போட்டு வதக்கி தோசைக்குள்ள வெச்சுத் தின்னோம்.

போறவங்களுக்கு: எமான்சிபேஷன் பார்க்குக்குள்ள போக டிக்கெட் இல்ல, கார் நிறுத்தத்தான் அல்லாடணும், சீக்கிரம் போங்க. மடக்குச் சேர் எடுத்துட்டுப் போங்க. சின்னக் கடைங்களுக்குக் கேஷ் வெச்சுக்கங்க. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா வெறுங்கையோட போகாதீங்க, ஆனா உருளைக்கிழங்கு சாலட் மட்டும் கொண்டுபோயிடாதீங்க.

கேட்டு வாங்கின சிவப்பு பானம்: காய்ஞ்ச செம்பருத்தி, நம்ம வீட்டு வாசல் செம்பருத்தி இல்ல, புளிச்சகீரை ஜாதியில காயைச் சுத்தி தடியா சிவப்பா இதழ் வருமே அது, மெக்சிகன் கடைங்கள்ல ஹமைக்கான்னு விப்பாங்க. ரெண்டு கைப்பிடி எடுத்து ஒரு தடவை அலசிடுங்க, மண்ணு இருக்கும். எட்டு கப் தண்ணியில தட்டின இஞ்சி ஒரு பெரிய துண்டு, அஞ்சாறு கிராம்பு போட்டுக் கொதிச்சதும் செம்பருத்தியைப் போட்டு அடுப்பை அணைச்சு மூடிடுங்க, கொதிக்க விட்டா துவர்த்துடும். நல்லா ஆறினதும் வடிகட்டி, சர்க்கரையைக் கொஞ்சம் சுடுதண்ணியில தனியாக் கரைச்சு ஊத்தி, கடைசியில ஒரு எலுமிச்சம்பழம். வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் பண்ணாதீங்க, கறை போகாது.